பள்ளியில் கட்டாயமாகப் படித்த பெருநாவல்: தவறு நீளத்திலா, கொடுத்த நேரத்திலா?

பக்கம்217

என் பயனர்பெயரைப் பற்றி இங்கே சிலர் முன்பு கேட்டிருக்கிறீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வயதில் எங்களுக்குத் துணைப்பாடமாக வைத்த நாவல் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. சுருக்கப் பதிப்பு இல்லை, முழு நாவல். மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும், நான்காவது வாரம் தேர்வு. நான் 217ஆம் பக்கம் வரை போனேன். அதற்கு மேல் முடியவில்லை. கதை பிடிக்காமல் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய கணக்கில் பின்தங்கினேன், பின்தங்கியது சேர்ந்துகொண்டே போனது, ஒரு கட்டத்தில் புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது. கைடு வாங்கி கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. வகுப்பில் எழுப்பிப் பாராட்டினார்கள். படிக்காத புத்தகத்துக்குக் கைதட்டல் வாங்கிய அந்த நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு பல வருடங்கள் தடிமனான எந்த நாவலையும் தொடவில்லை. "எனக்குப் பொறுமை கிடையாது, நான் பெரிய புத்தகம் படிக்கிற ஆள் இல்லை" என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

போன வருடம், முப்பத்தாறு வயதில், அதே நாவலைத் திரும்ப எடுத்தேன். உட்கார்ந்தால் ஒரு அத்தியாயம், பெரும்பாலான வாரங்களில் இரண்டே அத்தியாயம். ஏழு மாதம் ஆனது. கொல்லர் ஜோ லண்டனுக்கு வந்து கதைநாயகன் பிப்பைப் பார்க்கும் அத்தியாயம் இருக்கிறதே, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் திண்டாடுவார், வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கும். தான் வளர்த்த பையனையே "சார்" என்று அழைப்பார். பிப் அவரைப் பார்த்து வெட்கப்படுவான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். நானும் ஒரு காலத்தில் என்னை வளர்த்தவரை நண்பர்கள் முன்னால் அப்படித்தான் நடத்தினேன்.

பள்ளியில் இதே அத்தியாயத்துக்கு நாங்கள் எழுதிய வினா என்ன தெரியுமா? "ஜோவின் குணநலன்களை விவரி." ஐந்து மதிப்பெண். எளிமை, அன்பு, நேர்மை என்று மூன்று சொல் எழுதினால் மூன்று மதிப்பெண் உறுதி.

என் கேள்வி இதுதான். பள்ளியில் பெருநாவலைக் கட்டாயமாக்கியதே தவறா? இல்லை, கட்டாயமாக்கிய விதம்தான் தவறா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

---

சாளரம்

நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். கட்டாயம் இல்லையென்றால் எனக்கு இலக்கியமே இல்லை.

எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர அச்சடித்த காகிதம் என்று எதுவும் கிடையாது. நூலகம் போகும் வழக்கமும் இல்லை. "பிள்ளைகளுக்குப் பிடித்ததை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்" என்று சொல்கிறவர்களின் வீட்டில் தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கிறது. எனக்கு என்ன இருந்தது? கேள்விப்படாத ஒன்றை ஒரு பிள்ளை எப்படித் தேர்ந்தெடுக்கும்?

பத்தாம் வகுப்பில் அறுநூறு பக்க நாவலைக் கையில் கொடுத்து "படி" என்றார்கள். முதல் நூறு பக்கம் நரகம், உண்மைதான். ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படிப்பேன். அப்புறம் எங்கேயோ, எந்தப் பக்கம் என்று நினைவில்லை, படிக்கிறோம் என்பதே மறந்துபோனது. அப்படி மறந்துபோன அனுபவம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. முதல் ஐம்பது பக்கத்தில் "பிடிக்கவில்லையா, வேறு எடுத்துக்கொள்" என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றே மூடியிருப்பேன்.

அதனால் 217, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கட்டாயத்தை எடுத்துவிட்டால், ஏற்கெனவே புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் படிப்பார்கள்.

---

வாத்தியாரம்மா

இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு இலக்கியம் நடத்துகிறேன். இதைப் பற்றி நான் யோசிக்காத நாள் குறைவு. நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் நாவலைப் படிக்காமல் கைடைப் படிக்கிறார்களே என்று கோபம். அதனால் தினமும் வகுப்பு தொடங்கியதும் ஐந்து கேள்வி வைத்தேன், படித்தவர்களால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்விகள். மேசைமேல் இருந்த பொருள் என்ன, வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, அவள் உடையின் நிறம் என்ன. இரண்டே வாரத்தில் மொத்த வகுப்பும் நாவலைப் படிக்க ஆரம்பித்தது, நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், கையில் பென்சிலை வைத்துக்கொண்டு நிறங்களையும் மணிகளையும் அடிக்கோடிட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு தாய் இறந்துபோகும் பக்கத்தில் ஒரு மாணவி அடிக்கோடிட்டிருந்தது அறையின் திரைச்சீலை நிறத்தை. அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து, "மிஸ், இது வருமா?" என்று கேட்டாள். அவள் மேல் தவறே இல்லை, அப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978இல் எழுதிய புத்தகத்தில் வாசிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். படித்து முடித்த பிறகு கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பதற்காகப் படிப்பது ஒன்று, படிக்கிற நேரத்திலேயே அதற்குள் வாழ்வது இன்னொன்று. முதல் வகைக்கு அவர் தரும் உதாரணம் மறக்கவே முடியாது: குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை வேகவேகமாகப் படிக்கிறாள். அவளுக்கு மாற்று மருந்து எது என்பது மட்டும் போதும். என் பிள்ளைகளை ஒரு நாவல் முழுவதும் அப்படித்தான் படிக்க வைத்திருக்கிறேன்.

இப்போது என்ன செய்கிறேன்? முதல் மூன்று அத்தியாயத்தை நானே வகுப்பில் வாய்விட்டுப் படிக்கிறேன். கேள்வி கிடையாது, குறிப்பு கிடையாது, பிள்ளைகள் கேட்டால் போதும். பழைய மொழிநடையில் வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பது காதில் விழுந்துவிட்டால் அப்புறம் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடங்குவதே கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறுவனைத் தப்பியோடிய கைதி பிடித்து மிரட்டுவதில்தானே? அதைக் கேட்டுவிட்டு அடுத்து என்ன ஆகும் என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் எனக்குக் கிடைக்கும் பீரியட் கணக்கில் மூன்று அத்தியாயத்துக்கு மேல் முடியாது. பாடத்திட்டத்தை எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

---

மெல்லநட

வாத்தியாரம்மா வாய்விட்டுப் படிப்பதைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எனக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளைப் படிப்பதில் வரும் கற்றல் சிரமம். கல்லூரிக்குப் போன பிறகுதான் அதற்குப் பெயர் உண்டு என்றே தெரியும். பள்ளியில் நாவல் பாடம் என்றால் வரிசையாக ஆளுக்கொரு பத்தி எழுந்து நின்று படிக்க வேண்டும். நான் முன்னால் இருப்பவர்களை எண்ணி, என் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் ஓடுகிற கதை ஒரு வரிகூடக் காதில் ஏறாது. யாராவது அன்று வராமல் போயிருந்தாலோ, ஆசிரியர் ஒரு பத்தியைத் தாண்டினாலோ என் கணக்கு தப்பிவிடும். எழுந்து நிற்பேன். எழுத்துகள் நகரும். பின்னாலிருந்து சிரிப்பு வரும்.

அதனால் ஆசிரியர் படிப்பதும் மாணவரை எழுப்பிப் படிக்க வைப்பதும் ஒன்றல்ல, இரண்டையும் தயவுசெய்து சேர்த்துப் பேசாதீர்கள். முதலாவது கதையைக் கொடுக்கிறது. இரண்டாவது என்னிடமிருந்து கதையைப் பிடுங்கியது.

இன்று நான் நாவல் கேட்கிறேன், ஒலிப்புத்தகத்தில். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' முழுவதும் கேட்டேன், அறுபது மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடியது. காதால் கேட்டதைப் படித்ததாகக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். போரோடினோ போர்க்களத்தில் பியேர் வெள்ளைத் தொப்பியோடு நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. நான் வேறு எதைச் சேர்க்க வேண்டும்?

---

பழந்தாள்

முதல் பதிவில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. 217, நீங்கள் அந்த நாவலை ஏழு மாதத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது எழுதப்பட்ட வேகமும் கிட்டத்தட்ட அதேதான்.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முதலில் புத்தகமாக வரவில்லை. டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் த இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தொடர்கதையாக வந்தது. மொத்தம் 36 வாரம். அதற்கு முன் அந்த இதழில் ஓடிய வேறொருவரின் தொடர் வாசகர்களைப் பிடிக்காமல் விற்பனை சரிந்தது. இதழைக் காப்பாற்றவே, மாதப் பகுதிகளாக எழுத நினைத்திருந்த கதையை அவர் வாராவாரம் எழுதினார்.

இப்போது கணக்குப் போடுவோம். நாவலில் 59 அத்தியாயம், ஏறத்தாழ 1,85,000 சொற்கள். முதல் வாசகர்களுக்கு வாரம் ஒன்றரை அத்தியாயம், ஐந்தாயிரம் சொல் அளவுக்குக் கிடைத்தது. படித்துவிட்டு ஏழு நாள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தை மனசுக்குள் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 240 சொல் அளவில் இருக்கும் என்று 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அந்த வேகத்தில் போனால் முழு நாவலுக்கும் பதின்மூன்று மணி நேரம். இரண்டாம் மொழியில், பழைய நடையில், பதினைந்து வயதில் படிக்கிறவருக்கு அதில் பாதி வேகம் என்று வையுங்கள். இருபத்தாறு மணி நேரம். அதை மூன்று வாரத்துக்குள் அடைத்தால் தினமும் ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாள் விடாமல். மற்ற பாடங்களின் வீட்டுப்பாடம் தனி.

36 வாரம் பேசிப் பேசிப் படிக்க எழுதியதை மூன்று வாரத்தில் தனியாக விழுங்கச் சொன்னார்கள். 217ஆம் பக்கம் வரை போனதே பெரிய காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் மொழியிலும் இதே கதைதான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்து, பிறகு ஐந்து பாகமாகப் புத்தகமானது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் அப்படி ஒரு கொக்கியில் தொங்குகிறது என்று கேட்டால் காரணம் அந்த வாரக் காத்திருப்புதான். டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ கோமான்' 1844இல் தொடங்கி 1846 வரை நாளிதழில் வந்தது, 117 அத்தியாயம். தொடராக வந்த நாவல்களை நாம் 'நீளம்' என்கிறோம். அவற்றின் நீளத்தைப் பக்கத்தால் அளக்கக் கூடாது, வாரத்தால் அளக்க வேண்டும்.

---

பக்கம்217

பழந்தாள் சார், உங்கள் கணக்கை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். இருபது வருடமாக என் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனசு வரவில்லை.

மெல்லநட, நீங்கள் எழுதியதற்கும் நன்றி. எங்கள் வகுப்பிலும் அப்படி எழுந்து நின்ற ஒருவன் இருந்தான். நான் சிரித்தவர்களில் ஒருத்தி. அவனிடம் இதைச் சொல்ல எனக்கு வழி இல்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

---

உரைகல்

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வதால் மறுப்பைச் சொல்லியே ஆக வேண்டும்.

நீண்ட நாவலைப் படிப்பது ஒரு பயிற்சி. முப்பதாம் பக்கத்தில் வந்த ஒரு சின்னப் பேச்சை நினைவில் வைத்திருந்து, முந்நூறு பக்கம் கழித்து அதன் அர்த்தம் புரியும்போது மனம் ஒரு வேலை செய்கிறது. சிறுகதையில் அந்த வேலைக்கு இடமே இல்லை. ஒரு மனிதனைப் பத்து வருடம் கூடவே இருந்து பார்ப்பதும் ஒரு மாலை சந்திப்பதும் ஒன்றா? பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சிறுகதைக்கு மாற்றி, அப்புறம் ஒரு பக்கப் பகுதிக்கு மாற்றி, கடைசியில் பத்து வரி கொடுத்து "கீழுள்ள பத்தியைப் படித்து விடையளி" என்பதில் வந்து நிற்கிறோம். பல வகுப்புகளில் இப்போதே அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. அலுப்பு என்றாலே ஏதோ கேடு நடந்துவிட்டது போலப் பேசுகிறோம். பெரிய நாவலில் அலுப்பான பக்கம் இருக்கும். அதைக் கடந்து போகவும் பழக வேண்டும். கணக்கில் வாய்ப்பாடு யாருக்கும் இனிக்கவில்லை, ஆனாலும் படித்தோம்.

நேரம் கூடுதலாகக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வருடம் முழுக்க ஒரே நாவல் வையுங்கள், இன்னும் நல்லது. ஆனால் கட்டாயம் வேண்டும், முழுப் பதிப்பு வேண்டும்.

---

பழந்தாள்

உரைகல், சிறுகதை நாவலுக்கு ஈடாகாது என்பதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். அலுப்பில் மட்டும் ஒரு வேறுபாடு.

விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்' (1862) நாவலின் இரண்டாம் பாகத்தைத் திறந்தால், கதையை நிறுத்திவிட்டு வாட்டர்லூ போரை 19 அத்தியாயம் எழுதுகிறார். ஐந்தாம் பாகத்தில், காயம்பட்ட ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நாயகன் பாதாளச் சாக்கடையில் இறங்குகிறான். நமக்கு நெஞ்சு பதறுகிறது. ஹ்யூகோ அங்கே நிறுத்தி, பாரிஸ் சாக்கடையின் வரலாற்றைச் சொல்லப் போய்விடுகிறார். மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் 135 அத்தியாயம். அதில் 32ஆவது முழுக்கத் திமிங்கில வகைகளின் பட்டியல்.

முப்பது வயதில் அந்த வாட்டர்லூவை நான் ரசித்துப் படித்தேன். போர் முடிந்த இரவில், பிணங்களிடம் திருடுகிற ஒருவன் வந்து நிற்கும்போதுதான் ஆசிரியர் அவ்வளவு தூரம் நம்மை ஏன் கூட்டிவந்தார் என்று புரிந்தது. ஆனால் பதினாறு வயதில் அந்த 19 அத்தியாயத்தைத் தாவியிருந்தால் குற்றமா? தாவியதால் நாவலை முடித்தவர்களை எனக்குத் தெரியும். தாவக் கூடாது என்றதால் அங்கேயே விட்டவர்களையும் தெரியும்.

பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று எழுதினார். முதல் உரிமை படிக்காமல் இருப்பது. இரண்டாவது பக்கங்களைத் தாவுவது. மூன்றாவது முடிக்காமல் விடுவது. இதை எழுதியவர் வகுப்பறையில் வருடக்கணக்காக நின்றவர். பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள் என்று வலியுறுத்தியவரும் அவர்தான். வாத்தியாரம்மா செய்வதும் அதைத்தானே.

---

சாளரம்

பென்னாக்கின் முதல் உரிமை பெரியவர்களுக்குச் சரி. பதினைந்து வயதில் எனக்கு அதைக் கொடுத்திருந்தால் நான் அதைத்தான் பயன்படுத்தியிருப்பேன், இன்று இந்த இழையில் இருந்திருக்க மாட்டேன். இரண்டாவது உரிமையை மனசார ஏற்றுக்கொள்கிறேன். நானும் தாவியிருக்கிறேன். ஏதோ திருடியது போல ஒளித்து ஒளித்துத் தாவினேன். "அந்தப் பத்துப் பக்கத்தை விட்டுவிட்டுப் போ, பிறகு திரும்பி வரலாம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்.

சுருக்கப் பதிப்பை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நானே தாவினால் எதைத் தாவினேன் என்று எனக்குத் தெரியும், பக்கம் அங்கேயே இருக்கிறது, திரும்பிப் போகலாம். சுருக்கப் பதிப்பில் எனக்குத் தெரியாமலே யாரோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுப்படுவது ஜோவின் தொப்பி மாதிரி இடங்கள்தான், கதை நகர அது தேவைப்படாது என்பதால்.

---

நீலமை

வணக்கம். இங்கே எல்லோரும் பெரியவர்கள், பேசலாமா தெரியவில்லை. எனக்குப் பதினாறு வயது. எங்களுக்கும் இதே நாவல்தான், முழுசு. தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. எட்டாவது அத்தியாயம் முடித்திருக்கிறேன். பிடித்திருக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாகப் போகிறது. என் தோழிகள் எல்லோரும் இணையத்தில் சுருக்கத்தைப் படித்து முடித்துவிட்டார்கள். நானும் அப்படிச் செய்யலாமா என்று தேடப் போய்த்தான் இந்த இழை கிடைத்தது. என்ன செய்வது?

---

வாத்தியாரம்மா

தாராளமாகப் பேசு கண்ணு. இந்த இழையே உன்னைப் போன்றவர்களைப் பற்றித்தான்.

எட்டாவது முடித்துவிட்டாய் என்றால் கடிகாரங்கள் எல்லாம் ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நின்றுபோன அந்த வீட்டுக்குள் போய் வந்துவிட்டாய். கஷ்டமான வாசற்படியைத் தாண்டியாகிவிட்டது.

இன்னும் 51 அத்தியாயம். ஒரு அத்தியாயம் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் சொல், நிதானமாகப் படித்தால் அரை மணி நேரம். நாளுக்கு இரண்டு என்றால் 26 நாளில் முடியும். ஆனால் ஒரே மூச்சில் உட்காராதே. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

நாவலை ஆசிரியரே மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்: 1 முதல் 19, 20 முதல் 39, 40 முதல் 59. மொத்தம் 59 என்று நினைக்காதே. இப்போதைக்கு 19தான் உன் ஊர். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் ஓய்வெடு.

புத்தகத்தின் கடைசித் தாளில் பெயர்களை எழுதிக்கொண்டே வா. யார், யாருக்கு என்ன உறவு, எங்கே பார்த்தோம், ஒரு வரி போதும். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனாலும் அந்தத் தாள் திரும்பக் கூட்டிவந்துவிடும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்க்காதே. ஒரே சொல் மூன்றாம் தடவை வந்து வழி மறித்தால் அப்போது பார்.

கதைச்சுருக்கம் படிப்பது பாவமில்லை. ஒரு அத்தியாயத்தைப் படித்த பிறகு, புரிந்தது சரியா என்று பார்க்க அந்த அத்தியாயத்தின் சுருக்கத்தை மட்டும் படி. முன்கூட்டிப் படித்தால் இழப்பு உனக்குத்தான். இந்த நாவலில் குறிப்பாக.

---

மெல்லநட

தங்கச்சி, கண் சோர்ந்துபோகிற இரவுகளில் ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டு, கையில் புத்தகத்தை வைத்துக் கூடவே தொடர்ந்து பார். இந்த நாவல் பதிப்புரிமை முடிந்தது என்பதால் தன்னார்வலர்கள் படித்த பதிவுகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கும். பேச்சு நிறைய வரும் அத்தியாயங்களில் குரல் ரொம்ப உதவும்.

---

உரைகல்

என் பங்குக்கு ஒன்று. தேர்வுக்கு என்ன வரும் என்று யோசிக்காமல், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் உனக்கு என்ன தோன்றியது என்று இரண்டு வரி எழுதி வை. கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எதுவானாலும் சரி. "குணநலன்களை விவரி" என்ற கேள்விக்கு அந்த இரண்டு வரிகள் கைடை விட நல்ல பதில் தரும். திருத்துகிற ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். நானும் விடைத்தாள் திருத்துகிறவன்தான். நூறு தாளில் ஒரே மூன்று சொல்லைப் பார்த்துக் களைத்த பிறகு, ஒரு பிள்ளை தானாகப் பார்த்த ஒன்றை எழுதியிருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்வேன்.

---

வாத்தியாரம்மா

இழையில் உள்ள எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். 39ஆம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். பிள்ளை போய்ச் சேரட்டும்.

---

நீலமை

19 முடித்தேன், பதினோரு நாள் ஆனது. மூன்று நாள் ஒன்றும் படிக்க முடியவில்லை, பெயர்த் தாள் காப்பாற்றியது. பிப் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஜோவைத் தன்னோடு வண்டி வரை வர வேண்டாம் என்று சொல்கிறான். இரண்டு வரியில் "எனக்கு இவனைப் பிடிக்கவில்லை" என்று எழுதினேன். அப்புறம் அவன் வழியில் அழுகிறான். அதனால் அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

---

பக்கம்217

நீலமை, அடித்ததை அழிக்காமல் வைத்துக்கொள். இரண்டும் உன் பதில்தான். 27க்கு வரும்போது எனக்கு ஒரு வரி எழுது.

---

நீலமை

27 படித்தேன் அக்கா. தொப்பி. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடிகிறது.

---

பக்கம்217

போதும்மா.

---

நீலமை

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கிறது. முழுசாக முடிக்க மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. 40க்கு மேல் தேர்வுக்காகச் சுருக்கம் படிக்கப் போகிறேன், தேர்வு முடிந்ததும் 40இலிருந்து நிஜமாகப் படிப்பேன். வாத்தியாரம்மா மிஸ், கோபப்படாதீர்கள். அதற்கு முன்னால் இன்று இரவு 39ஐ மட்டும் படித்தேன். மழை, காற்று, மாடிப்படியில் காலடிச் சத்தம். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் கீழே பார்க்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அதையும் இப்போது இன்னொரு தடவை படித்துவிட்டு வந்தேன்.

இனி 39ஐப் பற்றிப் பேசலாம். உங்களில் யாருக்காவது அந்த ஆள் யார் என்று படியேறும்போதே தெரிந்துவிட்டதா?